அண்ட் கம்பெனி

எனக்கு மத்தியானச் சாப்பாடு நேரம் தப்பக் கூடாது. வயிற்றில் புண் இருக்கிறது. மதுரையில் காட்டியபோது டாக்டர் தெளிவாகச் சொன்னார்: பசிக்கிறதோ இல்லையோ, உச்சிப் பொழுதுக்கு முன்னால் சாப்பிட்டுவிட வேண்டும். அதனால்தான் அன்றைக்கும் நேரத்தோடு சாப்பிட்டேன். கேரியரைக் கழுவி ஆபீஸ் ஜன்னலில் கவிழ்த்து வைத்தேன். இன்ஸ்பெக்டர் ஐயா அந்தக் கேரியரையே சுற்றிச் சுற்றிக் கேட்பதால் இதை முதலில் சொல்லிவைக்கிறேன். ஏட்டையா எழுதிக்கொள்ளட்டும். மெதுவாகவே சொல்கிறேன், அவர் எழுதும் வேகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் பெயர் ரத்தினசாமி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்களுக்குக் கரிசல் காடும் கிணற்றுத் தோட்டமும் இருந்தன. மதுரையில் பி.ஏ. படித்தேன். விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். மிளகாய் மண்டிக்காரர்களின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எதற்கு என்று அவர்களுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அறுபத்திரண்டில் வேலையை விட்டேன். கிணற்றுத் தோட்டத்தை விற்று, என் அத்தை மகன் வெள்ளைத்துரையோடு கூட்டுச் சேர்ந்து தாயில்பட்டியில் இந்தப் பட்டாசுத் தொழிலை ஆரம்பித்தேன். வெள்ளைத்துரை எட்டாம் வகுப்பு. சிவகாசியில் தீப்பெட்டி ஆபீசில் கிடந்து தொழில் கற்றவன். முதல் என்னுடையது, தொழில் அவனுடையது. குதிரையும் வண்டியும் போல என்று ஊரில் சொன்னார்கள். இதில் யார் குதிரை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் சீசனுக்கு லேபிள் அடித்துச் சிவகாசியிலிருந்து கட்டு வந்தது. மயில் படம். கீழே பெரிய எழுத்தில் 'வெள்ளைத்துரை அண்ட் கம்பெனி'. நான் என் பெயரைத் தேடினேன். அவன் கவனித்துவிட்டுச் சிரித்தான்.

"அந்தா, அண்ட் கம்பெனின்னு போட்டிருக்குல்ல மாப்ளே. அது நீதான்."

நான் கோபப்படவில்லை. கோபம் படிக்காதவனுக்கு உரியது. அவன் எதை அச்சடித்து வைத்திருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது என்பதை மட்டும் காட்ட நினைத்தேன். காலேஜில் எனக்கு அகராதி புரட்டும் பழக்கம் உண்டு. மற்றவர்கள் சினிமாவுக்குப் போகும்போது நான் சொற்களின் பூர்வீகம் பார்ப்பேன். ஆகவே அவனிடம் கேட்டேன்: "கம்பெனி, கம்பெனி என்கிறாயே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா?"

தெரியாது. யாருக்குத் தெரியும்? பஸ் கம்பெனி, நாடகக் கம்பெனி, தீப்பெட்டிக் கம்பெனி என்று இந்த வட்டாரத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறார்கள். வாயிலிருந்து விழுவது என்ன என்று குனிந்து பார்த்தவன் ஒருவனும் இல்லை. வெள்ளைக்காரனிலும் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. நான் சொன்னேன். அது லத்தீனில் தொடங்கியது. 'கோம்' என்றால் கூட, சேர்ந்து. 'பானிஸ்' என்றால் ரொட்டி. ஒரே ரொட்டியைப் பிட்டுச் சேர்ந்து தின்கிறவர்கள்தான் கம்பெனி. வியாபாரமெல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. கிழக்கிந்தியக் கம்பெனியும் அப்படிச் சேர்ந்து தின்ன வந்ததுதான். யாருடைய ரொட்டியை என்று மட்டும் பலகையில் எழுதவில்லை.

அவன் வெட்கப்படுவான் என்று நினைத்தேன். கழுதைக்குக் கற்பூர வாசனை தெரிந்துவிட்டால் அது எப்படித் துள்ளும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"அம்புட்டு நல்ல வார்த்தையா மாப்ளே! ஒண்ணா உக்காந்து திங்கிறவுகளா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். குலுக்கிய கையோடு வெளியே போய்ச் சங்கிலிமுத்துவிடம் சொன்னான். அன்று சாயங்காலத்துக்குள் பசை கிண்டுகிற பெண்வரைக்கும் லத்தீன் பரவிவிட்டது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் ஆங்கில இலக்கணத்தோடு செய்தேன்.

சங்கிலிமுத்து யார் என்று சொல்ல வேண்டும். அவன்தான் எங்கள் போர்மேன். அவன் அப்பன் எங்கள் கிணற்றுத் தோட்டத்தில் கமலை மாடு ஓட்டித் தண்ணீர் இறைத்தவன். மத்தியானம் என் அம்மா வரப்பின் மேல் நின்று கஞ்சியை ஊற்றுவாள். அவன் கீழே குனிந்து கையைக் குவித்துக் குடிப்பான். ஒரு சொட்டுச் சிந்தாது. அது அந்தக் காலத்து ஏற்பாடு. அதில் யாருக்கும் மனக்குறை இருந்ததாக எனக்கு நினைவில்லை. மகன் காட்டு வேலையை விட்டுப் பட்டாசுக்கு வந்தான், வெடிமருந்து வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தான். எடுக்கட்டும். எனக்கு அவன்மேல் துவேஷம் எதுவும் கிடையாது. ஏட்டையா, அதை அப்படியே எழுதுங்கள்.

அதுவரைக்கும் எங்கள் ஆட்கள் அவரவர் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து, தெருவாரியாகத் தனித்தனி நிழலில் சாப்பிட்டார்கள். யாரும் சொல்லாமலே ஒழுங்காக நடந்தது. வெள்ளைத்துரை அதை மாற்றினான். இனிமேல் கம்பெனிச் சாப்பாடு என்றான். தொழிற்சாலைக்குள் நெருப்பு ஆகாது என்பதால் சங்கிலிமுத்துவின் பெண்சாதி மாடத்தி ஊருக்குள் தன் வீட்டிலேயே கம்மஞ்சோறும் குழம்பும் ஆக்குவாள். உச்சிப்பொழுதில் மாட்டுவண்டியில் பானை வரும். வேலிக்கு வெளியே நிற்கிற புளியமரத்தடியில் எல்லாரும் ஒரே பந்தி. தண்டவாளத் துண்டில் சங்கிலிமுத்து தட்டுவான். கடைசி ஆள் வந்து உட்காரும் வரைக்கும் யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது. ஒருத்தி கால் கழுவப் போயிருந்தால்கூட அவளுக்காக அத்தனை பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளைத்துரையும் அந்த வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான், மடத்தில் சோற்றுக்குக் காத்திருக்கிற பரதேசி மாதிரி.

தினமும் அந்த நேரத்தில் சங்கிலிமுத்து ஆபீஸ் வாசலுக்கு வருவான்.

"வாத்தியாரய்யா, எல்லாரும் உக்காந்தாச்சு. நீங்க வந்தீகன்னா ஆரம்பிச்சிருவோம்."

"எனக்கு வயிறு சரியில்லை. நீங்கள் சாப்பிடுங்கள்."

"சரிங்கய்யா. நாளைக்குப் பாத்துக்கிடுவோம்."

இதை அவன் ஒருநாளும் விட்டதில்லை. மழை பெய்தாலும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து கூப்பிடுவான். இதற்கும் மேலே ஒன்று செய்தார்கள். எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு விருதுநகரில் எனக்கென்று ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கினார்கள். அவர்களுக்கெல்லாம் அலுமினியம்தான். அந்தத் தட்டைத் தினமும் கழுவி, பந்தியில் சங்கிலிமுத்துவின் பக்கத்தில் வைப்பார்கள். சாப்பாடு முடிந்ததும் அப்படியே எடுத்துத் துடைத்து வைப்பார்கள். ஜன்னல் வழியே பார்த்தால் வெயிலில் அது பளபளக்கும். அந்தப் பளபளப்பை ஒருவன் தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் வயிறு என்னவாகும் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை.

இப்படி இரண்டு சீசன் போனது. ஆர்டர் குவிந்தது. போன ஆவணியில் வெள்ளைத்துரை என்னிடம் வந்து உட்கார்ந்தான். தீபாவளி முடிந்ததும் சங்கிலிமுத்துவையும் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றான்.

"அவன் இல்லாட்டி இந்தக் கம்பெனி ஏது மாப்ளே? கம்பெனின்னா என்னன்னு நீதானே சொல்லிக்குடுத்தே?"

நான் சரி என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன் என்று அவன் உங்களிடம் சொல்லியிருப்பான், உண்மைதான். பத்திரத்தில் மூன்று கையெழுத்து. அண்ட் கம்பெனி என்பதற்குள் இதுவரை நான் ஒருவனாவது தனியாகக் கிடந்தேன். இனி அதற்குள்ளேயும் எனக்குப் பக்கத்தில் அவன். ஒரு சொல்லுக்கு அதன் பூர்வீகத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவனுக்கு இந்த மரியாதை.

அந்த நாள் புரட்டாசி மாதம், நல்ல வெயில். வெள்ளைத்துரை கம்பு வாங்க விருதுநகர் போயிருந்தான். பொறுப்பு என்னுடையது. மத்தாப்பு மருந்து உருண்டைகளைத் திடலில் விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். அதற்கு ஒரு நடைமுறை உண்டு. காலையில் திடலைச் சுற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது, சூடேறிய மருந்து லேசாக உரசினாலே வெடித்துவிடும்; சாயங்காலம் சூடு தணிந்த பிறகுதான் அள்ளுவது. இதில் சங்கிலிமுத்து மிகக் கண்டிப்பு. ஒருதடவை வெள்ளைத்துரையே அவசரப்பட்டதற்கு அவனைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தியிருக்கிறான். முதலாளியைக் கையைப் பிடித்து இழுக்கலாம் என்ற நிலைமைக்குத் தொழிற்சாலை வந்திருந்தது.

நான் ஆபீசில் சாப்பிட்டேன். கேரியரைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு வெளியே வந்தேன். மாடத்தியின் வண்டி வந்துவிட்டது. எல்லாரும் வேலிக்கு வெளியே போய்விட்டார்கள். தண்டவாளத்தைத் தட்டிவிட்டு என்னைக் கூப்பிடச் சங்கிலிமுத்து வந்துகொண்டிருந்தான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சொன்னேன்: லாரி வருகிறது, லோடு இப்போதே போக வேண்டும், திடலில் கிடப்பதை அள்ளி உள்ளே வைத்துவிடு.

"வெயில் தாளட்டும்யா. இப்பத் தொடப்படாது."

"லாரி நிற்காது."

"நிக்காட்டிப் போகட்டும்யா. நாளைக்கு வேற லாரி வராமயா போயிரும்?"

பாருங்கள், அவன் எவ்வளவு எளிதாக மறுத்தான். அதட்டினால் நகர மாட்டான் என்று எனக்கு முன்பே தெரியும். ஆகவே நான் அதட்டவில்லை. அவன் தோளில் கையை வைத்தேன். வாழ்நாளில் முதல் தடவை. துணி வழியாகத்தான்.

"சீக்கிரம் அள்ளிப் போட்டுவிட்டு வா, சங்கிலிமுத்து. நானும் சாப்பிடவில்லை. இன்றைக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்து கை நனைக்கிறேன்."

அவன் என் முகத்தையே பார்த்தான். கண் கலங்கியது என்று எழுத வேண்டாம். வெயில் கண்ணில் அடித்தது. "நெசமாவாய்யா?" என்று கேட்டான். பிறகு மரத்தடியைப் பார்த்துக் கத்தினான்: "ஏ, வாத்தியாரய்யா இன்னும் சாப்பிடலையாம், இன்னைக்கு நம்மளோட உக்காருதாக! நான் இந்தா வந்திருதேன், யாரும் கை வச்சிராதீக!"

சொல்லிவிட்டுத் திடலைப் பார்த்து நடந்தான். அத்தனை காலமும் தான் காத்த ஒழுங்கை ஒரு பந்திக்காக விட்டுவிட்டான். இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். ஒருவனை உயர்த்தி வைத்தால் அவன் உயர்ந்துவிடுவதில்லை. பக்கத்தில் நான் உட்காருவேன் என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

அவன் ஒருவன்தான் போவான் என்று நினைத்திருந்தேன். அதுதான் என் கணக்கு. அதில் ஒரு பிசகு நேர்ந்ததை ஒத்துக்கொள்கிறேன். கடைசி ஆள் வராமல் சாப்பிடக் கூடாது என்று பழகியவர்கள், ஒருவன் தனியாக அள்ளினால் நேரமாகும், சோறு ஆறிவிடும் என்று எழுந்தார்கள். முதலில் முத்துப்பேச்சி எழுந்தாள். காலையில் திடலுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியவள் அவள்தான். அவளை நான் லேபிள் ஒட்ட அனுப்பியிருந்தேன். "வாத்தியாரய்யா பசியோட நிக்காக, வாங்கடி, நாலு கை சேந்தா நாளியாகாது" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சிரித்தபடி ஓடினாள். பின்னாலேயே மற்றவர்கள். சங்கிலிமுத்து திரும்பிப் பார்த்து, வர வேண்டாம் என்று கையை ஆட்டினான். அவர்கள் கேட்கவில்லை. அகராதி சொன்ன பொருள் சரிதான் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

நான் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். அவர்கள் ஓடுகிற வேகத்தில் என் குரல் எட்டியிருக்காது. நான் குரல் கொடுத்துப் பார்க்கவில்லை என்பதும் உண்மை.

சத்தத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சத்தம் செய்வதுதான் எங்கள் தொழில். மரத்தடியில் பானைக்குக் காவலாக உட்கார்ந்திருந்த மாடத்தி மட்டும்தான் மிச்சம். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

சாயங்காலம் வெள்ளைத்துரை வந்து சேர்ந்தான். கம்பு மூட்டையோடு வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தான். நான் நடந்ததைச் சொன்னேன்: நான் எவ்வளவோ தடுத்தும் கேட்காமல் சங்கிலிமுத்து தானாகவே உச்சி வெயிலில் அள்ளப் போனான், பெரிய ஆளாகிவிட்டோம் என்ற நினைப்பு. அவன் நம்பினான். என் தோளில் சாய்ந்து அழுதான். படிப்பில்லாதவர்களிடம் ஒரு வசதி, நாம் சொல்வதை நம்புவார்கள்.

மாடத்தி அழவில்லை. மறுநாள் எல்லாரையும் அடக்கம் பண்ணிவிட்டு வந்த பிறகு, வெள்ளைத்துரையைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். ஜன்னலில் கவிழ்த்திருந்த கேரியர் அங்கேயே இருந்தது. அதை எடுத்து உள்ளே வைக்காமல் போனது என் கவனக்குறைவு.

"நேத்து நான் வண்டியக் கொண்டாந்து நிறுத்தையிலயே இது களுவிக் கமுத்திக் கெடந்துச்சு. நான் பாத்தேன்" என்றாள். "அதுக்கப்புறந்தான் நீங்க எங்க வீட்டுக்காரர்ட்ட, நானும் சாப்பிடலைன்னு சொன்னீக. அவரு அந்தச் சந்தோசத்துல கூப்பாடு போட்டது எனக்குக் கேட்டுச்சு."

வெள்ளைத்துரை என்னைப் பார்த்தான். நான் வயிற்றுப்புண்ணைப் பற்றிச் சொன்னேன். முதலில் கொஞ்சம் சாப்பிட்டேன், பிறகு அவர்களோடும் ஒரு வாய் சாப்பிடலாம் என்றிருந்தேன் என்றேன். நம்பத் தகுந்த பதில்தான். வெள்ளைத்துரையின் முகம் தெளிய ஆரம்பித்தது. என்னை நம்ப வேண்டும் என்று அவன் தவித்தான்.

அப்போது மாடத்தி முந்தானைக்குள்ளிருந்து அந்த எவர்சில்வர் தட்டை எடுத்தாள். அதில் கொஞ்சம் கம்மஞ்சோறு இருந்தது. என் மேஜைமேல் வைத்தாள்.

"இதுல ஒரு வாய் தின்னுங்கய்யா. சோத்துல கை வச்சவுக பொய் சொல்லமாட்டாக. நீங்க தின்னுட்டீகன்னா நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டேன். எங்க விதின்னு போயிருதேன்."

"தின்னுரு மாப்ளே" என்றான் வெள்ளைத்துரை. கெஞ்சினான் என்றே சொல்லலாம். "ஒரே ஒரு வாய்."

ஒரு கவளம். அதை எடுத்து வாயில் போட்டிருந்தால் இன்று நான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். அவர்கள் அறிவுக்கு அது போதும். அந்தத் தட்டில் அதுவரைக்கும் யாரும் சாப்பிட்டதுகூட இல்லை. நான் கையை நீட்டினேன். விரல் அந்தச் சோற்றுக்குப் பக்கத்தில் போனது. அவள் ஆக்கிய சோறு. அவள் கை அதில் பட்டிருந்தது. விரலை இழுத்துக்கொண்டேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

மாடத்தி தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெள்ளைத்துரை நேராக உங்களிடம் வந்தான்.

மனசாட்சி உறுத்தியதா என்று கேட்கிறீர்கள். அப்படி எழுதினால் உங்கள் காகிதத்துக்கு அழகாக இருக்கும். எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நடந்ததை மட்டும் எழுதுங்கள், போடுகிறேன். லாரி எதுவும் வருவதாக இல்லை. தண்ணீர் தெளிக்கிறவளை வேண்டுமென்றேதான் வேறு வேலைக்கு அனுப்பினேன். வெள்ளைத்துரை ஊரில் இல்லாத நாளுக்குக் காத்திருந்தேன். சங்கிலிமுத்து என் பக்கத்தில் உட்காராமல் இருக்க வேறு வழி தெரியவில்லை. அவன் சாக வேண்டும் என்று தெரிந்தே அனுப்பினேன். மற்றவர்கள் போனது என் ஏற்பாட்டில் இல்லை. ஆனால் போகும்போது பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாதித் துவேஷம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த மாதிரி அற்பத்தனம் படித்தவனிடம் இருக்காது. ஒரு சொல்லை அதன் பொருள் தெரியாதவர்கள் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கேஸ்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் ஒரு சின்ன உதவி கேட்க வேண்டும். ஜெயிலில் சமைப்பது யார், எந்த ஊர்க்காரர்கள், பந்தியில் என் பக்கத்தில் யாரை உட்கார வைப்பார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துச் சொல்ல முடியுமா? வயிற்றுக்காகத்தான் கேட்கிறேன்.